பழைய ஜீப்பின் பாடி: ஒட்டுப் போடலாமா, தரையை மாற்றலாமா, புதிதாகவே ஏற்றிவிடலாமா?

போன வைகாசியில் ஜீப்பைக் கழுவும்போது பின்தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் தேங்கவில்லை. வடிகால் துளை வழியாக வெளியேறவும் இல்லை. எங்கோ போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து, டிரைவர் இருக்கைக்கு நேர் கீழே, சேஸி என்கிற அடிச்சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் இடுக்கிலிருந்து தேநீர் நிறத்தில் சொட்டத் தொடங்கியது. பாடியின் வயிற்றுக்குள் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்த தண்ணீர் அது. அன்றைக்குத்தான் இந்த வண்டியின் பெயிண்டைப் பற்றி நான் இத்தனை நாள் பட்ட கவலையெல்லாம் வீண் என்று புரிந்தது.

வண்டி 1989-இல் பதிவான மஹிந்திரா 540. வீடு போடிநாயக்கனூரில். வேலை மேலே, போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்தில். ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்குவதுதான் முப்பத்தைந்து வருடமாக இதன் பிழைப்பு. என்ஜினுக்கு ஒன்றும் இல்லை. பியூஜோ வடிவமைப்பில் வந்த அந்த 2112 சி.சி. டீசல், குளிர்காலைகளில் கொஞ்சம் இருமினாலும் தன் வேலையைச் செய்துவிடுகிறது. கெட்டுப்போனது தகடு மட்டுமே. இதைச் சரிசெய்ய என்ன வழி என்று கேட்டபோது ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தாம் செய்யத் தெரிந்த வேலையையே சிறந்த வேலை என்றார்கள். ஆறு மாதம் அலைந்து, பார்த்து, ஒரு பாதி வேலையைக் கெடுத்துக்கொண்டு, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த ஐந்து வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். இப்போது சுற்றுலா விடுதிகளில் மணல்மேட்டில் ஓட்டிக் காட்டும் சின்ன நான்கு சக்கர ஏ.டி.வி. வைத்திருப்பவர்களுக்கு இதில் பெரிய பயன் இல்லை. அவற்றின் மேல்கூடு பிளாஸ்டிக். வெயிலில் வெளுத்துப்போனால் கழற்றி வேறு மாட்டுவதுதான் நேர்வழி. பெயிண்ட் அடித்தால், அதற்கென்று இருக்கும் ஒட்டுப்பூச்சு முதலில் கொடுக்காதவரை, அந்த வகைப் பிளாஸ்டிக்கில் வர்ணம் தோல் உரிவதுபோல் உரிந்து வரும். இரும்புப் பாடியின் கதை வேறு. அதில் கண்ணுக்குத் தெரியும் பழுது எப்போதுமே உண்மையான பழுதைவிடச் சிறியது.

துரு எங்கே என்று கண்டுபிடிக்காமல் வழியைத் தேடாதீர்கள்

ஒரு காந்தமும் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும் போதும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பாடியின் மேல் மெல்ல இழுத்துக்கொண்டே போக வேண்டும். பிடி விடும் இடத்தில் இரும்பு இல்லை, பள்ளம் நிரப்பப் பூசும் பட்டி இருக்கிறது. என் வண்டியின் வலப்பக்கப் பின்மூலையில் ஒரு கை அகலத்துக்குக் காந்தம் நழுவி விழுந்தது. பத்து வருடத்துக்கு முன் ஒரு பட்டறையில் "முழு டிங்கர் வேலை" என்று சொல்லிச் செய்துகொடுத்த இடம் அது. ஓட்டையின் மேல் துணியை ஒட்டி, அதன் மேல் பட்டி பூசி, அதன் மேல் அழகாக வர்ணம் அடித்திருக்கிறார்கள். அந்தப் பட்டறையைக் குறை சொல்லிப் பயனில்லை. சீக்கிரம் வேண்டும், குறைந்த செலவில் வேண்டும் என்று நின்றவன் நான்தான்.

ஸ்க்ரூ டிரைவர் அடிப்பகுதிக்கு. வண்டியை ஜாக்கியில் தூக்கி, கட்டை கொடுத்து நிறுத்திவிட்டு, அடியில் படுத்துக்கொண்டு தரைத்தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களைக் குத்திப் பார்க்க வேண்டும். இந்தச் சட்டங்கள் கவிழ்த்த தொப்பியின் குறுக்குவெட்டுப் போல இருக்கும். தகட்டோடு ஒட்டும் இரண்டு விளிம்பு, நடுவில் பள்ளம். இந்தப் பள்ளம்தான் ஜீப்பின் எமன். தண்ணீரும் சேறும் உள்ளே போகும், வெளியே வராது. இது இன்று நேற்று வந்த குறை அல்ல. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இந்தச் சட்டத்துக்குள் பலத்துக்காக மரச்சட்டம் செருகியிருந்தார்கள். மரம் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, சுற்றியிருந்த இரும்பு உள்ளிருந்தே அரித்துப்போனது. 1953-இல் வந்த சி.ஜே.-3பி, அதன் வழியில் நம் ஊரில் பல பத்தாண்டுகள் ஓடிய மஹிந்திரா வண்டிகள் எல்லாமே, ஏணி போன்ற சேஸியின் மேல் தனிப் பாடியைப் போல்ட்டில் உட்கார வைக்கும் அதே குடும்பம்தான். நோயும் பரம்பரையாக வந்திருக்கிறது.

என் வண்டியில் நானே சேர்த்துக்கொண்ட காரணங்களும் உண்டு. பொட்டாஷ் மூட்டை ஏற்றுவோம். பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு, அதாவது சமையல் உப்புக்கு நெருங்கிய சொந்தம். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தியதைப் பெருக்கித் தள்ளிவிட்டால் போதும் என்று நினைத்தோம். இடுக்கில் தங்கிய உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு வருடக்கணக்கில் வேலை பார்த்திருக்கிறது. அடுத்தது போர்டோ கலவை. ஏலக்காயில் அழுகலுக்கு மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து அடிப்பது தோட்டக்காரர்களுக்குத் தெரியும். கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பளபளக்கும் கத்தியை முக்குவோமே, செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று? கத்தியில் செம்பு படிகிறது என்றால் அந்த அளவுக்குக் கத்தியின் இரும்பு கரைகிறது என்று பொருள். அந்த வித்தையை என் ஜீப்பின் பின்தரையில் துத்தக் கரைசல் சிந்தும்போதெல்லாம் நானே செய்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், கத்தி இல்லாமல்.

எல்லாவற்றுக்கும் மேல், எட்டு வருடத்துக்கு முன் தரை அசிங்கமாக இருக்கிறதென்று அலுமினியச் செக்கர் பிளேட்டை மேலே வைத்து ரிவெட் அடித்தேன். அழகாக இருந்தது. அடியில் ஈரம் சிறைப்பட்டது. அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு சின்ன பேட்டரி உண்டாகிவிடும். இந்த ஜோடியில் பொதுவாக அலுமினியம்தான் முதலில் கரையும். என் பிளேட்டின் அடிப்பக்கம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. ஆனால் அதன் கீழே சேறு காயாமலே கிடந்ததால் தரையும் தப்பவில்லை. பிளேட்டைப் பெயர்த்தபோது தரைத்தகடு அப்பளத்தை உடைத்ததுபோல் அடுக்கடுக்காக வந்தது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, துரு இருக்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டேன். வட்டங்கள் எங்கே விழுகின்றன என்பதை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பக்கத் தகட்டிலும் மட்கார்டிலும் மட்டும் என்றால் ஒரு முடிவு. தரையிலும் குறுக்குச் சட்டத்திலும் என்றால் வேறு முடிவு. என்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவில் நிற்கும் தடுப்புத்தகடு, அதோடு சேர்ந்த டேஷ்போர்டு, கண்ணாடிச் சட்டத்தின் கீல் உட்காரும் இடம் ஆகியவை போய்விட்டன என்றால் மூன்றாவது முடிவு. ஸ்டீயரிங் தூண், பெடல்கள், வயரிங் எல்லாம் அந்த முன்பகுதியில்தான் தொங்குகின்றன. அது நேராக இருக்கும் வரை ஜீப்புக்கு ஒரு முதுகெலும்பு இருக்கிறது என்று பொருள்.

அப்படியே விட்டுவிடுவது

இதையும் ஒரு வழியாகவே எண்ணுகிறேன், யாரும் எண்ணுவதில்லை என்றாலும். தளர்ந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவி, காய்ந்த பின் எபாக்சி பிரைமர் என்கிற அடிப்பூச்சைக் கொடுத்து, வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பது. மேல்துருவுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். ஓட்டை விழுந்த இடத்துக்கு எதுவும் செய்யாது. தின்றுபோன இரும்பை எந்தத் திரவமும் திருப்பித் தராது. பழைய டிரைவர்கள் மழைக்கு முன் அடியில் கழிவு ஆயிலைப் பீய்ச்சுவார்கள். துரு கொஞ்சம் அடங்கும் என்பது உண்மை. ஆனால் பாடிக்கும் சேஸிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர்கள் ஆயிலில் ஊறி உப்பிப் போகும், சொட்டுவதெல்லாம் தோட்டத்து மண்ணுக்கும் ஓடைக்கும் போகும். நான் செய்வதில்லை. துருவின் மேலேயே தார்ப்பூச்சு அடிக்கும் பழக்கம் இதைவிட மோசம். வெளியிலிருந்து தண்ணீர் வராது, உள்ளே இருப்பது போகாது.

வண்டியை இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் விற்றுவிடப் போகிறீர்கள், குறுக்குச் சட்டம் ஸ்க்ரூ டிரைவருக்கு அசையவில்லை என்றால் இந்த வழியே போதும். வாங்குபவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

ஒட்டுப் போடுவது

ஊரில் பத்துக்கு எட்டு ஜீப்புக்கு நடப்பது இதுதான். கெட்ட இடத்தை வெட்டி, அல்லது வெட்டாமலே, மேலே ஒரு தகட்டுத் துண்டை வைத்து வெல்டிங் பிடித்து, பட்டி இழுத்து, வர்ணம் அடிப்பது. நான்கு நாளில் வண்டி கையில். எனக்குச் சொல்லப்பட்ட கூலிகளில் இதை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், தரையை முழுதாக மாற்றுவது நான்கு பங்கு, வெளியூரிலிருந்து புதுப் பாடி வரவழைத்து ஏற்றுவது லாரி வாடகை சேர்த்து ஏழு பங்கு. ஃபைபர் (கண்ணாடி இழை) பாடி இவற்றுக்கு நடுவில் எங்கோ நின்றது. ஆகவே முதல் பார்வையில் ஒட்டு யாருக்கும் இனிக்கும்.

ஒட்டில் நல்லது கெட்டது உண்டு. கெட்ட ஒட்டு என்பது துருவின் மேலேயே துண்டை ஏற்றி வைப்பது. இரண்டு தகடுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி கிடைத்தால் தண்ணீர் ஏறி நிற்கும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். வெல்டிங்கையே பிளந்துகொண்டு புடைக்கும். நல்ல ஒட்டில் முதலில் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய ஓட்டை நீங்கள் பயந்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும், அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவுக்குத் துண்டு வெட்டி, விளிம்போடு விளிம்பு வைத்துப் பற்ற வேண்டும். மேலேறிய ஒட்டு தவிர்க்க முடியாத இடத்தில், பின்பக்கம் இடைவெளி தெரியாமல் சீலர் பூச வேண்டும்.

தகட்டின் கனத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. என் வண்டியில் நல்ல இடத்தில் அளந்தபோது 1.2 மி.மீ. வந்தது, கடைக்காரர் மொழியில் 18 கேஜ். கையில் இருக்கிறதென்று 20 கேஜைப் போட்டால் அது 0.9 மி.மீ. தான். எடை தாங்காது, வெல்டிங்கில் சீக்கிரம் ஓட்டையும் விழும். "கனமாகப் போடுவோம்" என்று 14 கேஜுக்குப் போனால் 2 மி.மீ.; வளைத்து உருவம் கொண்டுவருவதற்குள் ஆள் ஓய்ந்துவிடுவார். துரு பிடிக்காதென்று ஜி.ஐ. தகட்டைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதன் மேல் இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், இரும்பு உருக ஏறத்தாழ 1500 டிகிரி வேண்டும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். பற்றும் விளிம்பில் பூச்சைச் சுத்தமாகத் தேய்த்து எடுக்காமல் ஜி.ஐ.யில் கை வைக்கச் சொல்லாதீர்கள்.

என் பாதி வேலை கெட்டது இந்தக் கட்டத்தில்தான். வலப்பக்கத் தகட்டில் ஒன்றரை அடி நீளத்துக்கு ஒட்டு. கேஸ் வெல்டிங்கில் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை கோடு போட்டதுபோல் இழுத்துவிட்டார்கள். சூடு பரவிப் பரவித் தகடு நீண்டது, ஆறும்போது சுருங்கியது. இப்போது அந்த இடத்தை விரலால் அழுத்தினால் பிஸ்கட் டப்பா மூடி போல 'டொப்' என்று உள்ளே போகிறது, விட்டால் வெளியே வருகிறது. மெல்லிய தகட்டுக்கு, கார்பன் டை ஆக்சைடு வாயுவின் காப்பில் மின்சாரத்தால் பற்றும் சி.ஓ.2 வெல்டிங்தான் பாதுகாப்பு. அதிலும் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று தள்ளித் தள்ளி வைத்து, ஒவ்வொன்றும் ஆறின பிறகே நடுவில் நிரப்ப வேண்டும். பொறுமை இல்லாத கைக்கு நல்ல மெஷின் கொடுத்தும் பயன் இல்லை.

சாக்பீஸ் வட்டங்கள் பக்கத் தகடு, மட்கார்டு, பின்கதவு ஆகியவற்றோடு நின்றுவிட்டால் நல்ல ஒட்டே சரியான வழி. அதற்கு மேல் செலவழிப்பது வீம்பு.

தரையை முழுதாக மாற்றுவது

என் வட்டங்கள் பக்கத்தில் குறைவாகவும் தரையில் அதிகமாகவும் இருந்தன. தரையில் ஏழு ஒட்டுப் போடலாமா என்று கேட்டதற்கு, கடைசியில் இந்த வேலையை எடுத்துச் செய்த டிங்கர், கையிலிருந்த சுத்தியலால் குறுக்குச் சட்டத்தை ஒரு தட்டுத் தட்டினார். ஒரு துண்டு கழன்று விழுந்தது. "அண்ணே, வெல்டிங் பிடிக்கவும் கொஞ்சம் இரும்பு வேண்டுமே" என்றார். விவாதம் அதோடு முடிந்தது.

இந்த வேலையில் முதலில் நடப்பது வெட்டுவது அல்ல, கட்டுவது. ஜீப்பின் பாடி மேலே திறந்த பெட்டி. தரைதான் அதன் நான்கு பக்கத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. தரையை எடுத்தால் ஏறும் வாசல் இரண்டும் தம் இஷ்டத்துக்கு விரியும் அல்லது சுருங்கும். அதனால் வெட்டுவதற்கு முன் பக்கத்துக்குப் பக்கம் ஆங்கிள் இரும்பைக் குறுக்கே தற்காலிகமாகப் பற்றிவிட வேண்டும். பிறகு டேப்பை எடுத்து மூலைக்கு மூலை அளக்க வேண்டும். வலமுன்மூலையிலிருந்து இடப்பின்மூலை, இடமுன்மூலையிலிருந்து வலப்பின்மூலை. இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் பெட்டி சதுரமாக நிற்கிறது. என் வண்டியில் 6 மி.மீ. வித்தியாசம். முப்பத்தைந்து வருட மலைப்பாதைக்கு அது பரவாயில்லை என்று டிங்கர் சொன்னார். அளவைச் சுவரிலேயே கரியால் எழுதி வைத்தார். வேலை முடியும்வரை தினமும் காலையில் அளப்பார், எழுதியதோடு ஒப்பிடுவார். அந்த மனிதரிடம் வேலையைக் கொடுத்தது சரி என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

டீசல் டேங்க் என் வண்டியில் டிரைவர் இருக்கைக்கு அடியில். அதைக் கழற்றி வெளியே தூரமாக வைத்த பிறகுதான் நெருப்பு. காலி டேங்க்தானே என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்குதான் வெடிக்கும். பேட்டரி ஒயரையும் கழற்றிவிட வேண்டும்.

கம்பெனியில் தரைத்தகட்டைச் சட்டத்தோடு ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளால் பிடித்திருப்பார்கள். அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக டிரில் போட்டு விடுவித்தால் நல்ல பகுதி சேதமாகாமல் தகடு கழன்று வரும். பலர் பொறுமை இல்லாமல் கிரைண்டிங் மெஷினால் எல்லாவற்றையும் அறுத்துத் தள்ளுவார்கள், பிறகு புதுத் தகட்டைப் பிடிக்க விளிம்பு இல்லாமல் திண்டாடுவார்கள். புதுச் சட்டத்தை 16 கேஜில் வளைத்தோம். உள்பக்கம் முழுவதும் எபாக்சி பிரைமர் பூசிக் காயவிட்டு, பற்ற வேண்டிய விளிம்பை மட்டும் சுரண்டி, புதுத் தரையில் போட்ட துளைகள் வழியாகவே வெல்டிங்கை நிரப்பினோம். ஒவ்வொரு சட்டத்தின் தாழ்ந்த முனையிலும் விரல் நுழையும் அளவுக்கு வாய் விட்டோம். உள்ளே போகும் தண்ணீரை நிறுத்த முடியாது, போனதை வெளியேற்றலாம்.

தரையைத் தூக்கியதில் இன்னொரு லாபம். சேஸியை மேலிருந்து முழுதாகப் பார்க்க முடிந்தது. பாடி போல்ட் உட்காரும் தாங்கிகளில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. ஒட்டுப் போடும் வழியில் போயிருந்தால் அது தெரிந்தே இருக்காது.

குறை என்னவென்றால் நாள். மூன்று வாரம் என்றார்கள், ஏழு வாரம் ஆனது. நடுவில் ஒரு கல்யாண சீசன், பத்து நாள் மின்வெட்டு, டிங்கரின் முதுகுவலி. வண்டியை நம்பிப் பிழைப்பவர் இதற்கு மழை தொடங்குவதற்கு வெகு முன்பே இறங்க வேண்டும். ஆனியில் தொடங்கினால் ஈரக்காற்றில் சுத்தம் செய்த இரும்பு மறுநாள் காலையிலேயே மஞ்சள் பூத்து நிற்கும். துடைத்த அன்றே பிரைமர் ஏறாவிட்டால் துடைத்தது வீண்.

புதுப் பாடி ஏற்றுவது

ஹரியானாவில், பஞ்சாப் எல்லையை ஒட்டி, மண்டி டப்வாலி என்று ஓர் ஊர். பேருந்துப் பாடிக்கு நமக்குக் கரூர் எப்படியோ, ஜீப் பாடிக்கு வடக்கே அந்த ஊர் அப்படி. தகட்டிலேயே முழுப் பாடியும் கட்டி லாரியில் அனுப்புவார்கள். தெரிந்த ஒருவர் வரவழைத்த பாடியைப் போய்ப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை. கிட்டே போனால் தகடு மெல்லியது, உள்மடிப்புகளில் சீலர் இல்லை, அடிப்பக்கம் பெயருக்கு ஒரு கை ரெட் ஆக்சைடு. ரெட் ஆக்சைடு பிரைமர் நுண்துளைகள் உள்ள பூச்சு. அதை மட்டும் நம்பி மழையில் நிறுத்தினால் அடியில் துரு ஏறிவிடும். அவருடைய சேஸி போல்ட் துளைகளில் மூன்று, பாடியின் துளைகளோடு பொருந்தவில்லை. வாங்குபவர் கனத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, வந்து இறங்கிய அன்றே அளந்து பார்த்தால் இந்தச் சங்கடங்களில் பாதி குறையும். நல்ல கைகளும் அந்த ஊரில் உண்டு. இருந்தாலும் போடியிலிருந்துகொண்டு அதைத் தேர்ந்தெடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு மாடு பிடிப்பதுதான்.

முன் தடுப்புத்தகடே அரித்துப்போன வண்டிக்கு இதைவிட்டால் வழி இல்லை. அந்த நிலையில் ஒட்டும் தரை மாற்றமும் இரட்டைச் செலவில் முடியும்.

காகித விவகாரமும் இங்கேதான் வருகிறது. சேஸி எண் சேஸியின் இரும்பில் பொறித்திருப்பதால், அதே உருவத்தில் பாடி மாறினால் எண் எங்கும் போவதில்லை. ஆனால் புதுப் பாடி என்றதும் நீளத்தைக் கூட்டலாம், அகலத்தை இழுக்கலாம், இருக்கையைச் சேர்க்கலாம் என்று ஆசை வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு அதற்குக் குறுக்கே நிற்கிறது, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) இருக்கும் விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. பதினைந்து வருடம் கடந்த சொந்த வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கக் கொண்டுபோய் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அன்றைக்கு ஆய்வாளர் முன்னால் ஆறு அங்குலம் நீண்ட ஜீப்போடு நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

ஃபைபர்

துரு என்ற சொல்லையே மறந்துவிடலாம் என்று விற்பவர் சொல்வார். பொய் இல்லை. கடலோரத்தில், உப்புக்காற்றில், பாரம் ஏற்றாமல் ஓட்டுபவர்களுக்கு நல்ல பொருள். விரிசல் விட்டால் ரெசினும் கண்ணாடி இழைப் பாயும் வாங்கி வீட்டு முற்றத்திலேயே ஒட்டிக்கொள்ளலாம். என் வேலைக்கு அது ஒத்துவராது என்று ஒதுக்கியது இரண்டு காரணங்களுக்காக. 50 கிலோ மூட்டையைத் தோளிலிருந்து தொப்பென்று போடும் தரை அது இல்லை. போல்ட் பிடிக்கும் இடங்களில் உள்ளே இரும்புச் சட்டம் வைத்து வார்க்காவிட்டால் மலைப்பாதைக் குலுக்கலில் அந்த இடங்களே முதலில் கிழியும். அடுத்தது ஒயரிங். இரும்புப் பாடியில் விளக்குக்கு ஒரு ஒயர் போதும், திரும்பும் வழி பாடியே. ஃபைபரில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும், ஹாரனுக்கும், டீசல் முள்ளுக்கும் தனித்தனியாக எர்த் ஒயர் இழுக்க வேண்டும். ஏற்றிய பிறகு பின்விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது என்று ஆறு மாதம் எலக்ட்ரீஷியனிடம் அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும். எர்த்தைத் தவிர எல்லாவற்றையும் மாற்றியிருந்தார்.

வர்ணம் பற்றிக் கொஞ்சம்

எல்லோரும் முதலில் பேசுவது இதைத்தான், நான் கடைசியில் வைத்திருக்கிறேன். ஜீப் என்றால் ராணுவப் பச்சைதான் என்று என் மகன் அடம்பிடித்தான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 121-ஆவது விதி, பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமில்லாத வண்டிக்கு ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது என்கிறது. அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. வேறு எந்த நிறத்துக்கு மாறினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்பதால் பழைய வெள்ளையிலேயே இருந்துவிட்டோம்.

இரண்டு கலவை பாலியூரித்தேன் பளபளப்பாக இருக்கும், டீசல் பட்டாலும் கரையாது. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அடிப்பவர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடித்தால் ஆஸ்துமாவுக்கு அழைப்பிதழ் வைத்ததுபோல. உரிய முகமூடி இல்லாத பட்டறையில் நான் அதைக் கேட்கவில்லை. சாதாரண சிந்தெடிக் எனாமல்தான் அடித்தோம். முள்ளிலும் கிளையிலும் தேயும் தோட்ட வண்டிக்கு, அடுத்த வருடம் ஒரு பிரஷ்ஷை எடுத்து நானே தொட்டுக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய குணம். பட்டி எங்கே தேவையோ அங்கே மட்டும், எபாக்சி பிரைமருக்கு மேலே, மெல்லியதாக. வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்த ஈரம் பட்டியில் ஊறியிருக்கும்போதே அவசரப்பட்டு அடிக்கும் வர்ணம்தான் அடுத்த மழையில் கொப்புளமாக எழும்புகிறது. தேய்த்த பின் ஒரு முழு நாள் வெயிலில் நின்றது வண்டி.

ஆக, என் வண்டியில் நடந்தது இது: தரையும் ஐந்து குறுக்குச் சட்டங்களும் புதிது. பின்மூலையில் விளிம்போடு விளிம்பு வைத்த ஒட்டு. வலப்பக்கத்து 'டொப்' சத்தம் அப்படியே இருக்கிறது, அதைச் சரிசெய்ய மறுபடி சூடு காட்ட மனம் வரவில்லை. தரையில் செக்கர் பிளேட்டும் இல்லை, ரப்பர் மேட்டும் இல்லை. துத்தம் இனிமேல் மூடிபோட்ட பிளாஸ்டிக் கேனில், பொட்டாஷ் மூட்டைக்கு அடியில் தார்ப்பாய்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. தடுப்புத்தகட்டின் இடக்கீழ் மூலையில், கிளட்ச் பெடலுக்கு இடப்பக்கம், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துரு. இப்போது வெட்டினால் பெடல், ஒயரிங் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். துருமாற்றியும் பிரைமரும் கொடுத்துவிட்டு, அதைச் சுற்றி ஆணியால் ஒரு வட்டம் கீறி, பக்கத்தில் தேதி எழுதச் சொன்னார் டிங்கர். வட்டத்தைத் தாண்டினால் வண்டியைக் கொண்டுவர வேண்டும், தாண்டாதவரை ஓட்டலாம் என்பது ஏற்பாடு. ஒரு மழை போயிருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன், கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.